டீச்சர் எழுதினால் ஊர் செய்யும்

ஆவாரங்கோட்டையில் மரகதவல்லி டீச்சர் டைரியில் எழுதுகிற காரியங்களை ஊரார் செய்யத் தொடங்கியது ஒரு திங்கட்கிழமை விடியற்காலையில். முடிவெட்டுகிற கடைக்குக்கூடக் காரில் போய் இறங்குகிற வார்டு கவுன்சிலர் அய்யாத்துரை, அன்றைக்கு லுங்கியும் பனியனுமாகத் தெப்பக்குளத்தைச் சுற்றி வேகவேகமாக நடந்தார், நடந்துகொண்டே எதிரே வந்த பால்காரரை வைதார், வாசல் தெளித்த பெண்களை வைதார், கோயில் பூசாரியை வைதார், கடைசியில் வைய ஆள் இல்லாமல் தன் கால்களையே வைதார். கால்கள் அவர் பேச்சைக் கேட்கவில்லை. நடந்து முடித்ததும் குளத்துப் படிக்கட்டில் பொத்தென்று உட்கார்ந்து, "எவம்லே என்னைய நடக்க வைக்கது?" என்று அழுதார்.

அந்த நேரத்தில் மேலத்தெரு வீட்டில் மரகதவல்லி டீச்சர் போர்வையை இழுத்து மூடித் தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் தலைமாட்டில் இருந்த டைரியில், முந்தின நாள் அவள் எழுதிவைத்திருந்த "விடியலில் நடைப்பயிற்சி" என்ற வரிக்குப் பக்கத்தில், யாரும் போடாத ஒரு நீல மை டிக் விழுந்திருந்தது.

அந்த டைரிக்கு முன்னால் அவளிடம் வந்து தோற்றுப்போன டைரிகள் பல. பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் எடுக்கிற அவள், ஒவ்வொரு வருஷமும் மார்கழி பிறந்தால் போதும், இந்த வருஷமாவது ஒழுங்காக வாழ்ந்துவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டு ஒரு டைரி வாங்குவாள். இன்சூரன்ஸ் ஏஜென்ட் இலவசமாகக் கொடுத்த டைரி ஒன்று இருந்தது. அது முதல் பக்கத்தில் அவளுடைய ரத்த வகையையும் காலணி அளவையும் கேட்டது, அவள் பதில் எழுதினாள், அதோடு இருவருக்கும் பேச ஒன்றுமில்லாமல் போனது. பிறகு போனில் ஒரு செயலி, அது பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் அவள் அமிலத்தை ஊற்றிக்கொண்டிருக்கும்போது "தண்ணீர் குடித்தீர்களா?" என்று கொஞ்சுகிற குரலில் கேட்டு, வகுப்பே சிரித்து உருண்டது. தங்க விளிம்பு போட்ட பிளானர் ஒன்றைக் கூரியரில் வரவழைத்தாள். அது தினமும் காலையில் "இன்று எதற்கெல்லாம் நன்றி சொல்ல விரும்புகிறீர்கள்?" என்று கேட்கும், அவள் புருஷன் திருவேங்கடம் உள்ளேயிருந்து "என் சாக்ஸ் எங்கே மரகதம்?" என்று கேட்பார், இரண்டு கேள்விக்கும் நடுவில் குக்கர் விசில் அடிக்கும். சென்னையிலிருந்து ஒரு பையன், இன்னும் அம்மா தட்டில் போட்டுக் கொடுப்பதைச் சாப்பிடுகிறவன், விடியுமுன் நாளை வெல்வது எப்படி என்று வாட்ஸாப்பில் வகுப்பெடுத்தான். அதற்கும் போய் உட்கார்ந்தாள். என்ன வாங்கினாலும் தைப் பொங்கலுக்குள் அது கோலத்துக்குப் புள்ளி வைத்துப் பார்க்கிற தாளாகிவிடும்.

எழுதவே வேண்டாத வேலைகளால் நிரம்பிய வாழ்க்கை அவளுடையது. சமையல், சாப்பாட்டு டப்பா, பள்ளிக்கூடம், விடைத்தாள், மாமியாருக்கு மாத்திரை, திரும்பவும் சமையல், துவைத்ததை மடிப்பது, மடித்ததை அடுக்குவது. இவையெல்லாம் எந்தத் தாளிலும் ஏறாமல் தாமாக நடந்தன, நடந்து முடிக்கும்போது நாளும் முடிந்துபோயிருக்கும். டைரியில் ஏறியது எல்லாம் மிச்சம்: நடக்க வேண்டும், பாட்டு பழக வேண்டும், தம்பியிடம் பேச வேண்டும். மிச்சத்துக்கு இடம் இல்லாத நாளில் மிச்சத்தை எழுதி எழுதி வைத்தாள்.

"எழுதி வச்சுச் செய்யுறதுக்கு நீ என்ன டீச்சர், கல்வெட்டா?" என்பார் தலைமையாசிரியை ஞானசௌந்தரி. வாழ்க்கையில் எதையும் குறித்துவைக்காத மனுஷி அவர். ஆசிரியைகள் அறையில் மற்றவர்கள் சிரிப்பார்கள், மரகதவல்லியும் சேர்ந்து சிரிப்பாள்.

இந்தக் கடைசி டைரி, பஸ் ஸ்டாண்டு நடைபாதையில் கிடந்தது. போன வருஷத்து டைரி. மாதத் தேதிகள் அப்படியே இருக்க, கிழமைகளை மட்டும் அடித்துவிட்டு மேலே கையால் எழுதிக்கொண்டாள். அந்த டைரிதான் வேலை செய்தது.

"தம்பியிடம் பேச வேண்டும்" என்று எழுதினாள். அவளுக்கும் மதுரையில் இருக்கிற தம்பிக்கும் நடுவில் எதுவும் நடக்கவில்லை. ஆனால் ஒரு சுவரை முன்னிட்டு வருஷக்கணக்காக முகம் பாராமல் இருந்த இரும்புக்கடை அண்ணன் தம்பிகள் அன்று சாயங்காலம் அந்தச் சுவரின் இரண்டு பக்கமும் வந்து நின்று பேசினார்கள். பேசியது முழுக்கக் கெட்ட வார்த்தை, இருந்தாலும் பேச்சுதான். "பீரோவை ஒழித்து அடுக்க வேண்டும்" என்று எழுதினாள், ஜவுளிக்கடை முதலாளி தன் கடையின் மேல்தட்டுச் சேலைகளையெல்லாம் தெருவில் வீசினார். "பாட்டு பழக வேண்டும்" என்று எழுதினாள், போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் புகார் கொடுக்க வந்தவனை எதிரில் உட்கார வைத்துக்கொண்டு சரளி வரிசை பாடினார், புகார்க்காரன் தாளம் போட்டான். ஒருநாள் ஆசைப்பட்டு "சமையல்" என்றுகூட எழுதிப் பார்த்தாள். ஓய்வுபெற்ற தாசில்தார் சிவசுப்பு, பிறந்ததிலிருந்து அடுப்புப் பக்கம் எட்டிப் பார்க்காதவர், தன் வீட்டில் ரசம் வைத்து இறக்கினார். மரகதவல்லியின் அடுப்பு அவள் வந்து பற்றவைக்கிறவரை குளிர்ந்தே கிடந்தது.

டைல்ஸ் கடை வைத்திருக்கிற திருவேங்கடம்தான் ஊரில் நடப்பதையும் டைரியில் இருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தவர். அவர் வாயில் எதுவும் தங்காது. மத்தியானத்துக்குள் டீக்கடைக்கே தெரிந்துவிட்டது.

ஏன் இப்படி நடக்கிறது என்று எங்கள் ஊரில் ஒருவர் கேட்கவில்லை. எங்கள் ஊர் காரணம் கேட்கிற ஊர் அல்ல, லாபம் கேட்கிற ஊர். முதல் வாரம் சண்டைக்கு வந்தார்கள். "எங்க மாமனாரை ஏன் டீச்சர் தலைகீழா நிக்க வச்சிய?" என்று, டைரியில் சிரசாசனம் ஏறிய மறுநாள், ஒரு மருமகள் வாசலில் நின்று அழுதாள். இரண்டாம் வாரம், அதே மாமனாருக்கு முதுகுவலி போய்விட்டது என்று சொல்லிவிட்டுக் கொய்யாப்பழம் கொடுத்துவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு எல்லோரும் காலையில் டீக்கடையில் கூடி, இன்றைக்கு யாருக்கு என்ன விழுமோ என்று காத்திருக்க ஆரம்பித்தார்கள். ஆபீசுக்குத் தாமதமாகப் போனவர்கள் "டீச்சர் எழுதிட்டாங்க சார்" என்றார்கள். கல்யாணத்துக்குப் போகாதவர்கள் அதையே சொன்னார்கள், மாமியாரைப் பார்க்கப் போகாதவர்களும் அதையே சொன்னார்கள். தானாக ஒரு காரியத்தைத் தொடங்குவது என்கிற வழக்கமே ஊரை விட்டுப் போனது. போனதை யாரும் தேடவும் இல்லை.

கவுன்சிலர் அய்யாத்துரை ஒருநாள் பொன்னாடையோடு வந்தார். "டீச்சர், நம்ம வார்டு சாக்கடையைத் தூர் வாரணும்னு ஒரு வரி எழுதிருங்க. எவனோ ஒருத்தன் வாரிட்டுப் போறான்."

அவள் எழுதினாள். எதுவும் நடக்கவில்லை. அவரே பேனாவை வாங்கி எழுதினார், அப்போதும் நடக்கவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர்கள் கேட்டதையும் ஒவ்வொன்றாக எழுதிப் பார்த்தாள், ஒன்றுக்கும் டிக் விழவில்லை. அதன்பேரில் சிவசுப்பு கல்யாண மண்டபத்தில் ஒரு கூட்டம் போட்டு, மைக் பிடித்து விளக்கம் சொன்னார்: "டீச்சர் தனக்குன்னு மனசார வேணும்னு நினைக்கிறதை எழுதினாத்தான் டைரி வேலை செய்யும். நமக்கு வேண்டியதை எழுதினா செய்யாது. இதை எல்லாரும் மனசுல வச்சுக்கிடணும்." எல்லோரும் கைதட்டிவிட்டு, அவள் தனக்கென்று நினைப்பதையெல்லாம் எடுத்துக்கொண்டு வாழத் தொடங்கினார்கள்.

அவள் நினைப்பில் ஊர் இளைத்தது, சர்க்கரை குறைந்தது, நூலகத்தில் தூசி குறைந்தது, மொட்டை மாடிகளில் கீரை முளைத்தது. செய்தித்தாளில் மாதிரி ஊர் என்று படம் போட்டார்கள். படத்தில் கவுன்சிலர் இருந்தார். மரகதவல்லிக்கோ எதுவும் மாறவில்லை, ஒன்றைத் தவிர. சாயங்காலம் டைரியைத் திறந்து நீல டிக்குகளைப் பார்க்கும்போது, தானே எல்லாவற்றையும் செய்து முடித்த மாதிரி அவளுக்கு உடம்பு லேசாகிவிடும். வியர்த்தது ஊருக்கு, நிம்மதி அவளுக்கு. படித்தவள், இருந்தும் அந்த நிம்மதியை நம்பினாள்.

புரட்டாசியில் ஒருநாள் குளிக்கும்போது இடது மார்பில், அடிப்பக்கத்தில், வேப்பங்கொட்டை அளவுக்கு ஒன்று கையில் தட்டுப்பட்டது. வலி இல்லை. ஈரக் கையோடு கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு புடவை கட்டிக்கொண்டு, சாம்பாரை இறக்கிவிட்டு, டைரியை எடுத்து "வியாழன்: திருநெல்வேலி போய் டாக்டரைப் பார்க்க வேண்டும்" என்று எழுதினாள்.

அந்த வியாழக்கிழமை பூக்கடை சரசு, தொடுத்த பூவைப் பாதியில் போட்டுவிட்டுத் திருநெல்வேலி பஸ் ஏறினாள். லேடி டாக்டர் "என்னம்மா செய்யுது?" என்று கேட்டதும் அவளுடைய கை தானாக எழுந்து இடது மார்பைத் தொட்டது. டாக்டர் பார்த்தார், ஒன்றுமில்லை, ரத்தம் குறைவு என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சாயங்காலம் டைரியில் டிக் விழுந்திருந்தது. மரகதவல்லி அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டு, இரவுச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வேகவைத்தாள்.

கட்டி அப்படியே இருந்தது. அடுத்த வாரமும் எழுதினாள். ஜவுளிக்கடை முதலாளியின் மனைவி போனாள். அதற்கடுத்த வாரம் தபால்காரரின் தங்கை. ஐப்பசி வந்தது, கார்த்திகை வந்தது, வாரத்துக்கு ஒரு பெண்ணாக ஆவாரங்கோட்டையிலிருந்து போய்க்கொண்டே இருந்தார்கள், போனவர்கள் எல்லோரும் இடது மார்பைத் தொட்டுக் காட்டினார்கள். லேடி டாக்டர் ஆளைப் பார்த்ததும் "ஆவாரங்கோட்டையா? வாங்க, படுங்க" என்பார். ஊருக்கு வந்து அதை ஒரு வேடிக்கையாகச் சொல்லிச் சிரித்தார்கள். எல்லோரும் ஒரே இடத்தை ஏன் தொட வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. மரகதவல்லி ஒருநாள் திருவேங்கடத்திடம், "என்னங்க, எனக்கு இங்க ஒரு கட்டி மாதிரி இருக்கு" என்றாள். அவர் போனைப் பார்த்துக்கொண்டே, "டைரியில எழுதி வை" என்றார்.

ஒரு வியாழக்கிழமை காலை வழிபாட்டில், கொடிக் கம்பத்துக்குப் பக்கத்தில் நின்று பிள்ளைகளின் தலைப்பின்னலைக் குறைசொல்லிக்கொண்டிருந்த ஞானசௌந்தரி, பாதி வாக்கியத்தில் திரும்பி நடந்து வெளியே போய் பஸ் ஏறினார். அவரும் இடது மார்பைத்தான் தொட்டார். டாக்டர் அங்கே பார்த்துவிட்டு, வழக்கப்படி வலதையும் பார்த்தபோது கை நின்றது. சின்னக் கட்டி, ஆரம்ப நிலை. ஆபரேஷன் முடிந்து ஞானசௌந்தரி முன்பைப் போலவே கடுகடுப்பாக ஊர் திரும்பினார்.

ஊர் துள்ளியது. கல்யாண மண்டபத்தில் டீச்சருக்குப் பாராட்டு விழா என்று தெருவுக்குத் தெரு பேனர் கட்டினார்கள். "உயிர் காத்த எழுத்தே!" என்று கவுன்சிலரின் படத்துக்குக் கீழே போட்டிருந்தது, டீச்சரின் படம் கிடைக்கவில்லை போலும். மரகதவல்லியை மேடையில் நடு நாற்காலியில் உட்காரவைத்து, டைரியை வெள்ளித் தட்டில் வைத்து, சால்வைக்கு மேல் சால்வையாகப் போர்த்தினார்கள். சால்வைகளுக்குக் கீழே அவளுக்கு இப்போது லேசாக வலித்தது. கவுன்சிலர் பேசினார், சிவசுப்பு பேசினார், திருவேங்கடம் தன் மனைவியைத் தான் எப்போதுமே ஊக்குவித்து வந்ததைப் பற்றிப் பேசினார். பிறகு ஞானசௌந்தரியிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"எனக்குக் கட்டி இருந்தது வலது பக்கம்," என்றார் அவர். "டாக்டர் கேட்டதும் என் கை போனது இடது பக்கம். சரசு, உனக்கு?"

"இடது பக்கந்தான் டீச்சர்," என்றாள் பூக்கடை சரசு.

"போன அத்தனை பேருக்கும் இடது பக்கம். மரகதவல்லி தனக்கு வேணுங்கிறதை எழுதினாத்தான் இந்தச் சனியன் வேலை செய்யும்னு இதே மைக்கில தாசில்தார் சொன்னாரு, நீங்களும் கைதட்டுனிய. அப்ப வாராவாரம் டாக்டர் வேணும்னு எழுதினது யாருக்கு? அந்த இடது பக்கம் யாரோடது?"

திருவேங்கடம் தரையில் எதையோ தொலைத்தவர் மாதிரி குனிந்து பார்த்தார். மரகதவல்லி சால்வையை மார்போடு இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு வந்தது வெட்கம். இத்தனை பேர் நடுவில் தன் உடம்பு இருப்பது தெரிந்துவிட்டதே என்கிற வெட்கம்.

அப்போது பெண்கள் வரிசையிலிருந்து ஜவுளிக்கடை முதலாளியின் அம்மா பாக்கியத்தம்மாள் எழுந்தாள். "பாவந்தான். ஆனா டீச்சர் போய்க் காட்டிட்டாகன்னா அப்புறம் அந்த வரியை எழுத மாட்டாகளே. இந்த வாரம் என் சின்ன மருமக முறையா இருக்கும்னு பாத்துக்கிட்டு இருக்கேன்."

"அதுவும் யோசிக்க வேண்டிய விஷயம்," என்றார் கவுன்சிலர்.

மண்டபத்தில் பல தலைகள் ஆமாம் என்று ஆடின. கெட்டவர்கள் இல்லை, காலையில் டீச்சருக்காகக் கோயிலில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தவர்கள்தான் அவ்வளவு பேரும். இன்னும் ஒரு மாதம், தை வரைக்கும் என்றால்கூடப் போதும், அதற்குள் மேலத்தெரு முடிந்துவிடும் என்று ஒருவர் கணக்குச் சொன்னார். திருவேங்கடம் மேடையில் மெல்ல நகர்ந்து வந்து, "இந்த அரையாண்டுப் பரீட்சை முடியட்டும் மரகதம். லீவுல நிதானமாப் போவோம்" என்றார்.

மரகதவல்லி அவரைப் பார்த்தாள். பிறகு, பழக்கதோஷத்தில், தட்டிலிருந்த டைரியை எடுத்துப் பேனாவைத் திறந்தாள். "நாளைக்குன்னு எழுதிடுதேன்" என்றாள், ஞானசௌந்தரியைப் பார்த்து, மன்னிப்புக் கேட்கிற மாதிரி.

ஞானசௌந்தரி பேனாவைப் பிடுங்கினார். "எழுதினா நாளைக்கு இன்னொருத்தி போவா. மக்கு. உனக்கு எவ பஸ் ஏறுவா?"

மரகதவல்லி உட்கார்ந்தபடியே கூட்டத்தை வரிசை வரிசையாகப் பார்த்தாள். தன்னுடைய நடையை நடந்தவரைப் பார்த்தாள், தன்னுடைய பாட்டைப் பாடியவரைப் பார்த்தாள். எல்லோர் முகத்திலும் ஆரோக்கியம் தெரிந்தது. அவளுக்குள் ஏதோ ஒன்று, பால் பொங்குகிற மாதிரி, மேலே ஏறி வந்தது. சால்வைகளை ஒவ்வொன்றாக எடுத்து நாற்காலியில் போட்டாள். எழுந்து படியிறங்கினாள். மண்டப வாசலில் குவிந்து கிடந்த செருப்புகளில் தன்னுடையதைத் தேடினாள், கிடைக்கவில்லை, வெறுங்காலோடு தெருவில் இறங்கி பஸ் ஸ்டாண்டைப் பார்க்க நடந்தாள். பின்னாலேயே ஞானசௌந்தரி ஓடினார். மண்டபத்தில் நன்றியுரை நடந்துகொண்டிருந்தது.

"எப்ப கவனிச்சீங்க?" என்று கேட்டார் லேடி டாக்டர்.

"புரட்டாசியில."

"அப்பவே வந்திருக்கக் கூடாதா?"

"வந்தோம் டாக்டர். எங்க ஊர்ப் பொம்பளைங்க எல்லாரும் வந்தோம். நான் மட்டுந்தான் வரல."

டாக்டர் திட்டவில்லை. ஆவாரங்கோட்டைப் பெண்கள் அத்தனை பேரின் இடது பக்கத்தையும் பார்த்திருந்தவர், கடைசியில் சரியான ஆளைக் கண்டுபிடித்தவராகக் கொஞ்ச நேரம் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். கட்டி ஞானசௌந்தரிக்கு இருந்ததைவிடப் பெரியது, அக்குளுக்கும் இறங்கியிருந்தது. மார்பை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள், முடி கொத்துக் கொத்தாக வந்தது, நாக்கில் சோறு மண்ணாக இருந்தது. பிழைத்தாள்.

ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் ஆளுக்கு ஒரு ஆரஞ்சுப் பையும் ஆளுக்கு ஒரு புது பிளானரும் கொண்டுவந்தார்கள். "சும்மா படுத்திருக்கும்போது ஏதாவது மனசுல தோணினா எழுதுங்க டீச்சர்" என்றார்கள். ஆரஞ்சுகளை அவள் பக்கத்துக் கட்டில்காரர்களுக்குக் கொடுத்தாள். பிளானர்களைக் கட்டிலின் ஆடுகிற காலுக்கு முட்டுக் கொடுக்கச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் ஒரு பிளானர் ஒழுங்காகச் செய்த முதல் வேலை அதுதான். பழைய டைரியை ஊர் நூலகத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து, வெள்ளிக்கிழமைதோறும் அதற்குப் பூப் போட்டார்கள். திருவேங்கடம் அதில் "என் சாக்ஸைத் தேட வேண்டும்" என்று எழுதிப் பார்த்ததாகவும், ஒன்றும் நடக்கவில்லை என்றும் கேள்வி. அவர் இப்போது சாக்ஸ் இல்லாமல்தான் கடைக்குப் போகிறார்.

ஊர் பழையபடி ஊதிப் பெருத்தது. இரும்புக்கடைக்காரர்கள் மறுபடி பேச்சை நிறுத்தினார்கள். மாடிக் கீரை காய்ந்தது. எல்லாவற்றையும்விட, வியாழக்கிழமைகளில் திருநெல்வேலி பஸ்ஸில் ஒரு பெண்கூட ஏறவில்லை. சரசுவுக்கு அக்குளில் நெறி கட்டியிருந்தது, அவள் போகவில்லை. பாக்கியத்தம்மாள் தன் சின்ன மருமகளை அனுப்பவில்லை. அவ்வளவு தூரம் போய் வந்தவர்களுக்கு, வழி தெரிந்தவர்களுக்கு, கால் எழும்பவில்லை. டீச்சர் குணமாகி வந்து எழுதட்டும் என்று காத்திருந்தார்கள்.

சித்திரையில் மரகதவல்லி ஊருக்கு வந்தாள். வந்த வியாழக்கிழமை காலை, பருத்திப் புடவையும் வெறும் மொட்டைத் தலையுமாகப் பஸ் ஸ்டாண்டுக்குப் போய், திருநெல்வேலி பஸ்ஸை மறித்து நின்றாள். வாழ்நாளில் வகுப்பறையைத் தாண்டிக் குரல் உயர்த்தாதவள், கடைத்தெரு கேட்கப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள், கூப்பிட்டு வராதவர்களை வீடு புகுந்து இழுத்து வந்தாள், அடுப்பில் குழம்பு இருக்கிறது என்றவளின் அடுப்பை அணைத்தாள். டிரைவர் ஹாரன் அடித்தார். டிரைவரையும் வைதாள்.

பாக்கியத்தம்மாள் மட்டும் பஸ் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, குழைந்தாள். "டீச்சர், இன்னைக்கு எனக்கு என்னமோ மனசே வரல. நீங்க ஒரே ஒரு வரி எழுதிருங்களேன். கால் தானா ஏறிரும்."

"உனக்கு எழுதி வைக்க இனி எவளும் சாக மாட்டா. ஏறு," என்றாள் மரகதவல்லி.

ஏறினாள். எல்லோரும் ஏறினார்கள், முனகிக்கொண்டும் சபித்துக்கொண்டும், கவுன்சிலரின் மனைவி உட்பட. பஸ் கிளம்பியது. முன்சீட்டில் பின்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் யார் இறங்க எழுகிறார்கள் என்று மரகதவல்லி பார்த்தாள். எழுந்தவர்கள் அந்தப் பார்வையைக் கண்டதும் திரும்ப உட்கார்ந்தார்கள்.